செஸ்ஸில் 300 புள்ளி கூடியவரோடு டிராவுக்கு ஆடலாமா?

உங்களுக்கு 1500 ரேட்டிங் (செஸ் ஆட்டத்திறனைக் காட்டும் எண்), நாளைக்கு எதிரே உட்காரப்போகிறவருக்கு 1800. கிடைத்த காய்களையெல்லாம் வெட்டித் தீர்த்து டிரா வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். காய்கள் குறையக் குறைய அவர் கைதான் ஓங்கும்; யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய சமமான முடிவாட்டத்தில்கூட மெல்ல மெல்ல வெற்றியைப் பிடுங்குவது அந்த மட்டத்து ஆட்டக்காரர்களுக்குப் பழகிய வேலை. ராணியைப் பலகையில் வைத்திருங்கள். அவர் ராஜா நடுவிலேயே நின்றால், ஒரு சிப்பாயைக் கொடுத்தாவது அவரை நோக்கிய கோடுகளைத் திறக்கப் பாருங்கள்.

சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் அட்டவணைப்படி 300 புள்ளி வித்தியாசத்தில் உங்களிடம் எதிர்பார்ப்பது ஆட்டத்துக்கு 0.15 மட்டுமே (வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5 என்ற கணக்கில்). ரேட்டிங் மாற்றத்தைக் கணக்கிடப் பெருக்கும் கே எண் உங்களுக்கு 20 என்றால், தோற்றால் ரேட்டிங்கில் 3 புள்ளி போகும், டிராவுக்கு 7 வரும், ஜெயித்தால் 17. அழுத்தம் முழுக்க அவர் பக்கம்! சமநிலையை ஏற்க மனமில்லாமல் அவர் எங்காவது வலிந்து ஆடுவார். உங்கள் வாய்ப்பு பெரும்பாலும் அங்கேதான் வரும். அப்போது செக், வெட்டு, மிரட்டல் என்று ஒவ்வொன்றாக முழுசாகக் கணக்குப் போட நேரம் வேண்டும். ஆகவே தொடக்கத்தில் தெரிந்த வரிசையையே ஆடிக் கடிகாரத்தைச் சேமியுங்கள்.

நல்ல நிலையில் இருக்கும்போது அவரே டிரா கேட்டால் உடனே கை கொடுக்காதீர்கள். தன் நிலை மோசம் என்று அவருக்கும் தெரிந்திருக்கலாம்.