குதிரை ஷோவுக்கு வரும் ட்ரெய்னரின் பயணச் செலவை எப்படிப் பங்கு போடுவது?

கேள்வி: மகள் ஜம்பர் வகுப்புகளில் (குதிரையில் தடை தாண்டும் போட்டி) ரைடிங் போகிறாள். வெளியூர் ஷோ ஒன்றில் நாங்கள் ஒரே ஒரு குதிரையோடு சனி, ஞாயிறு 2 நாள் மட்டும்தான் இருந்தோம். ட்ரெய்னரின் ஹோட்டல், சாப்பாடு, மைலேஜ் (மைலுக்கு இவ்வளவு என்ற வண்டிச் செலவு) எல்லாவற்றையும் 5 நாள் இருந்த குடும்பங்களோடு சமமாகப் பிரித்து பில் வந்திருக்கிறது. அமெரிக்காவில் இதுதான் வழக்கமா? கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

கேளுங்கள். ட்ரெய்னர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். சமமாகப் பிரிப்பது பல லாயங்களில் நடப்பதுதான், அதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. ஆனால் 2 நாள் வந்தவருக்கும் 5 நாள் இருந்தவருக்கும் ஒரே தொகை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதைவிட உறுத்துவது, இப்படி ஒரு கணக்கு இருப்பதே பில் வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கும் அப்படித்தான் தெரிய வந்தது. நாங்கள் வட கரோலினாவில் கேரியில் இருக்கிறோம். மகள் 7 வருடமாக ஹன்டர் வகுப்புகளில், அதாவது குதிரை தாண்டும் அழகுக்கு மதிப்பெண் போடும் போட்டிகளில், போகிறாள். முதல் 2 வருடம் ஷோ என்றாலே பக்கத்து ராலேயில், ஸ்டேட் ஃபேர் மைதானத்துக்குள் இருக்கும் ஹன்ட் குதிரை வளாகம்தான். இட்லியைக் கட்டிக்கொண்டு காலையில் போய் மாலையில் திரும்பிவிடுவோம். ட்ரெய்னரும் ராத்திரி அவர் வீட்டில்தான் தூங்குவார். பிறகுதான் ட்ரையான் போனோம். 2018-ல் உலகக் குதிரையேற்றப் போட்டிகள் நடந்த இடம், எங்களுக்கு மேற்கே கிட்டத்தட்ட 4 மணி நேர ஓட்டம். திரும்பி வந்த அடுத்த வாரம் லாயத்திலிருந்து பில் வந்தது. ஸ்டால் வாடகை, தரையில் போடும் மரச்சீவல், ஹாலிங் (குதிரையை டிரெய்லரில் ஏற்றிப் போகும் கூலி), நாள் கட்டணம், பிடரி மயிர் பின்னியதற்குக் கூலி எல்லாம் புரிந்தது. கடைசி வரியில் ‘ட்ரெய்னர் ஸ்ப்ளிட்’ என்று 212 டாலர். “இது என்ன, டிப்ஸா?” என்றாள் மனைவி. எனக்கும் தெரியவில்லை. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு கட்டிவிட்டேன். அப்படியே ஒன்றரை வருடம் கட்டினேன்.

நாள் கட்டணம் வேறு, இது வேறு. நாள் கட்டணம் ட்ரெய்னரின் கூலி. காலையில் குதிரையை ஏறிப் பார்ப்பது, பிள்ளைக்குக் கோர்ஸை (தடைகளைத் தாண்ட வேண்டிய வரிசையை) மனப்பாடமாக்குவது, வார்ம்-அப்பில் கம்பியை ஏற்றி இறக்குவது, வாசலில் நின்று தைரியம் சொல்லி அனுப்புவது எல்லாம் அதற்குள் வந்துவிடும். எங்கள் லாயத்தில் அது நாளுக்கு 85 டாலர். ஸ்ப்ளிட் என்பது அவர் கையை விட்டுப் போன காசு: ஹோட்டல், சாப்பாடு, வண்டி. அதில் அவருக்கு லாபம் இருக்கக் கூடாது, நஷ்டமும் இருக்கக் கூடாது. “அவர்தான் சம்பாதிக்கிறாரே, ஹோட்டலை அவரே கொடுக்கட்டும்” என்று சில பெற்றோர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் பிள்ளைக்காக அவர் ஒரு வாரம் வெளியூரில் கிடக்கிறார், அந்த வாரம் ஊரில் எடுக்க வேண்டிய பாடங்களின் வருமானமும் அவருக்குப் போய்விடுகிறது.

சரி, எப்படிப் பிரிப்பது? கல்யாணத்துக்கு வேன் பிடித்துப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். 8 பேர் ஏறினாலும் 14 பேர் ஏறினாலும் வேன் வாடகை ஒன்றுதான், அதைப் போகிற வீடுகள் சமமாகப் போட்டுக்கொள்வது சரி. ஆனால் மண்டபத்துக்குப் பக்கத்தில் 3 நாள் ரூம் போட்டுத் தங்கியவரின் அறை வாடகையில், தாலி கட்டும் நேரத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவரிடம் பங்கு கேட்போமா? ட்ரெய்னர் செலவும் அப்படித்தான் இரண்டாகப் பிரியும். போக வர ஆகும் செலவு, யார் எத்தனை நாள் இருந்தாலும் ஒன்றுதான். ஹோட்டலும் சாப்பாடும் நாளுக்கு நாள் கூடுகிறவை.

2025-ல் நாங்கள் போன ஒரு ஷோவின் கணக்கைச் சொல்கிறேன், எண்களைச் சில்லறை இல்லாமல் ஆக்கியிருக்கிறேன். செவ்வாய் போய் ஞாயிறு திரும்பினார். ஹோட்டல் 5 இரவு, இரவுக்கு 140 வீதம் 700 டாலர். சாப்பாடு 6 நாள், நாளுக்கு 50 வீதம் 300. போக வர 480 மைல். 2025-க்கு வருமான வரித் துறை வைத்த தொழில் மைலேஜ் விகிதம் 70 சென்ட், அதன்படி 336. மொத்தம் 1336 டாலர்.

போனது 4 குடும்பம். ஒரு வீட்டுக்கு 2 குதிரை, 5 நாளும். இரண்டு வீடுகளுக்குத் தலா 1 குதிரை, 5 நாளும். நான்காவது வீடு உங்களைப் போல, 1 குதிரை, 2 நாள். சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 334. அதாவது 2 நாள் வந்தவர் நாளுக்கு 167 டாலர் கட்டுகிறார், 2 குதிரைக்காரர் ஒரு குதிரைக்கு ஒரு நாளுக்கு 33 டாலர் 40 சென்ட்தான் கட்டுகிறார். இப்படி ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு அன்றைக்கு வெட்கம் போனது.

இப்போது நாங்கள் செய்வது இது. மைலேஜ் 336-ஐ 4 வீடும் சமமாக, தலா 84. மீதி 1000 டாலரை ‘குதிரை நாள்’ கணக்கில் பிரிக்கிறோம். ஒரு குதிரை ஒரு நாள் இருந்தால் ஒரு குதிரை நாள். 10, 5, 5, 2 ஆக மொத்தம் 22. ஒரு குதிரை நாளுக்கு 45 டாலர் 45 சென்ட் வருகிறது. கூட்டிப் பார்த்தால் 2 குதிரை வீடு 539, நடுவில் இருக்கும் இரண்டு வீடுகளும் தலா 311, 2 நாள் வந்த வீடு 175. எல்லாவற்றையும் குதிரை நாளிலேயே போட்டுவிடலாம் என்று ஒருவர் வாதாடினார். அப்படிப் போட்டால் கடைசி வீட்டுக்கு 121 டாலர்தான் வரும். ஆனால் ஒரு நாள் வந்தாலும் ட்ரெய்னர் அங்கே இருந்தால்தானே வர முடியும், வேன் கூலியில் முழுப் பங்கு போடட்டும் என்று மற்றவர்கள் சொன்னோம். உங்கள் லாயத்தில் வேறு மாதிரி முடிவு செய்தாலும் குற்றமில்லை.

எந்த முறையில் பிரித்தாலும் கண் வைக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. முதலில் மைலேஜ். ட்ரெய்னர் தன் டிரக்கில் டிரெய்லரை மாட்டி உங்கள் குதிரையையே ஏற்றிக்கொண்டு போயிருந்தால், மைலுக்கு இவ்வளவு என்று ஹாலிங் காசு ஏற்கெனவே வாங்கியிருப்பார். அதே டிரக்குக்கு மைலேஜும் போட்டால் ஒரே சாலைக்கு இரண்டு முறை கட்டுகிறீர்கள். எங்கள் பில்லில் இது 3 ஷோவுக்கு நடந்தது. ட்ரெய்னர் வேண்டுமென்று செய்யவில்லை, பில் போடுகிற பெண்ணுக்கு யார் வண்டியில் யார் போனார்கள் என்று தெரியாது, அவ்வளவுதான். சொன்னதும் அடுத்த மாதக் கணக்கில் கழித்துவிட்டார்கள்.

அடுத்தது ட்ரெய்னரின் சொந்தக் குதிரை. விற்பனைக்குக் காட்ட ஒரு குதிரையைக் கூட்டி வந்திருந்தாலோ, அவரே ஒரு வகுப்பில் ஏறினாலோ, அந்தக் குதிரையும் கணக்கில் வர வேண்டும், அதன் பங்கு அவருடையது. நல்ல ட்ரெய்னர்கள் நாம் கேட்பதற்கு முன்பே அதைக் கழித்துவிடுவார்கள். ஒரே இடத்தில் 2, 3 வாரம் தொடர்ந்து ஷோ நடந்தால், போக வரச் செலவு எல்லா வாரங்களுக்கும் பரவ வேண்டும். முதல் வாரம் வந்தவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது.

சாப்பாட்டுக்கு ரசீது கேட்காதீர்கள். பெரிய மனுஷர் ஒருவரிடம் காபி ரசீது வாங்கி எண்ணுவது யாருக்கும் அழகில்லை. நாளுக்கு இவ்வளவு படி என்று பேசிவிட்டால் போதும். அமெரிக்க அரசு 2025 நிதியாண்டில் சாதாரண ஊர்களுக்குப் போகும் தன் ஊழியர்களுக்குக் கொடுத்த சாப்பாட்டுப் படியே நாளுக்கு 68 டாலர். 50 கேட்கிற ட்ரெய்னரிடம் பேரம் பேச எதுவும் இல்லை. ஹோட்டலுக்கு மட்டும் ரசீதின் படம் ஒன்று எல்லோருக்கும் போகட்டும். எங்கள் லாயத்தில் ஓர் அம்மா இதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருக்கிறார். நான் அதை மொய் நோட்டு என்று சொல்வேன், அவருக்கு அர்த்தம் புரியாது.

இன்னொன்று. செலவைக் குறைக்க “பிள்ளையை ட்ரெய்னர் அறையிலேயே தங்க வைத்துவிடலாமே” என்று யாராவது யோசனை சொல்வார்கள். 18 வயது ஆகாத பிள்ளையோடு, உறவில்லாத ட்ரெய்னர் அறையைப் பகிர்வதை, விளையாட்டில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கான சேஃப்ஸ்போர்ட் விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. காரில் தனியாகக் கூட்டிப் போவதற்கும் கட்டுப்பாடு உண்டு. 140 டாலர் அறையில் பாதி, அந்த 70 டாலரை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

உண்மையில் மனக்கசப்பு வருவது இவற்றில் எதிலும் இல்லை. கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் போகும்போதுதான். ஷோ மொழியில் ஸ்க்ராட்ச். நான் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். ஒரு தடவை 5 குடும்பம் வருவதாக இருந்த ஷோவில், புதன்கிழமை 3 குடும்பம் கழன்றுகொண்டது. ஒருவருக்குப் பள்ளித் தேர்வு, இன்னொருவருக்குக் குதிரைக்கு நொண்டி, மூன்றாமவர் காரணமே சொல்லவில்லை. மீதி இருந்த 2 வீடும் பாதிப் பாதி கட்டினோம், 600 டாலருக்கு மேல். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த வருடம் நாங்கள் லீஸில் வைத்திருந்த குதிரைக்குக் குளம்புக்குள் சீழ் கட்டி, கிளம்புகிற நாள் காலையில் மூன்று காலில் நின்றது. போகவில்லை. போகாத ஷோவுக்கு ட்ரெய்னர் பங்கு பில்லில் வந்தபோது “போகவே இல்லையே!” என்று நானே சத்தம் போட்டேன். மனைவிதான் போன வருடத்துக் கோபத்தை ஞாபகப்படுத்தினாள்.

அதற்குப் பிறகு லாயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பேசி, வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டோம். என்ட்ரி, அதாவது ஷோவுக்குப் பெயர் கொடுக்கும் கடைசித் தேதி வரை யாரும் விலகலாம், ஒரு பைசா வேண்டாம். தேதி தாண்டி விலகினால் மைலேஜிலும் ஹோட்டலிலும் உங்கள் பங்கு அப்படியே நிற்கும், சாப்பாட்டில் கிடையாது. உங்கள் இடத்துக்கு வேறு யாராவது வந்தால் அவர்கள் பங்கு உங்களுடையதை அடைக்கும். குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று கால்நடை மருத்துவர் சொன்னால், ஹோட்டல் பங்கில் பாதியை மற்ற வீடுகள் ஏற்றுக்கொள்ளும். குதிரை எல்லோர் வீட்டிலும் ஒரு நாள் நொண்டும் என்பதால் இதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. 3 குதிரைக்குக் குறைவாக இருந்தால் வெளியூர் ஷோவுக்கு ட்ரெய்னர் வர மாட்டார் என்றும் எழுதினோம். அதை எழுதச் சொன்னது ட்ரெய்னரேதான், ஒரு வீட்டின் மேல் 1300 டாலரைப் போட அவருக்கும் சங்கடமாக இருந்ததாம்.

3 சேரவில்லை, ஆனாலும் போகத்தான் வேண்டும் என்றால் வழி உண்டு. அதே ஷோவுக்கு வருகிற வேறு லாயத்து ட்ரெய்னரிடம், நம் ட்ரெய்னரே பேசி ஒப்படைத்துவிடுவார். நாள் கட்டணம் மட்டும்தான், பயணப் பங்கு இல்லை அல்லது சிறியது. ஆனால் என்ட்ரி படிவத்தில் ட்ரெய்னர் என்ற இடத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். குதிரையின் ரத்தத்தில் தடை செய்த மருந்து இருந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அந்தக் கையெழுத்துக்காரர். அவசரத்தில் பெற்றோரே அங்கே கையெழுத்துப் போட்டு வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தச் செலவே தாங்கவில்லை என்றால் ஐஇஏ (பள்ளிகளுக்கிடையேயான குதிரையேற்றச் சங்கம்) அணிகளைப் பாருங்கள். 2002-ல் ஆரம்பித்த அமைப்பு, பள்ளிப் பிள்ளைகள் அந்தந்தப் போட்டி இடத்தில் கொடுக்கிற குதிரையில் ஏறுவார்கள். சொந்தக் குதிரை வேண்டாம், ஹாலிங் கிடையாது. கோச்சின் பயணச் செலவும் அணிக்குள் பரவும்போது கையைக் கடிக்காது.

இனி உங்கள் பில்லுக்கு வருகிறேன். வந்த பில்லை முழுக்க மறுக்காதீர்கள், சமமாகப் பிரிப்பது அவர்கள் வழக்கமாக இருந்தால் இந்த ஒரு தடவை கட்டிவிடலாம். ஆனால் ஷோ மைதானத்தில் கேட்காதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்கவே கேட்காதீர்கள். பாடம் இல்லாத ஒரு நாளில் லாயத்துக்குப் போய், “அடுத்த ஷோவுக்கு நாங்கள் 2 நாள்தான் வருவோம், எங்கள் பங்கு எப்படி வரும் என்று என்ட்ரிக்கு முன்னால் தெரிந்தால் நல்லது” என்று சொல்லுங்கள். குறையாகச் சொல்லாமல் அடுத்ததற்கான கேள்வியாகக் கேட்டால் பேச்சு சுலபமாக நடக்கும். நான் ஒன்றரை வருடம் தள்ளிப்போட்ட அந்தப் பேச்சு 10 நிமிடத்தில் முடிந்தது. ட்ரெய்னர் பேச்சோடு பேச்சாகக் குதிரைக்குக் குளம்பு சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

அப்புறம், அந்த பில்லை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். ஹாலிங், மைலேஜ் இரண்டு வரியும் இருந்து, இரண்டும் ஒரே டிரக்காக இருந்தால், அதை மட்டும் அடுத்த ஷோ வரை விடாமல் இந்த வாரமே கேளுங்கள்.