புரோலாக்டின் கூடியிருக்கிறது, ஸ்கேனில் கட்டி தெரிகிறது: நிலத்தை ஒத்திக்கு வைக்கலாமா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 29. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. ஏழு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. கர்ப்பம் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டோம். மார்பை அழுத்தினால் பால் வருகிறது. ரத்தத்தில் புரோலாக்டின் 86. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் பிட்யூட்டரியில் 4 மி.மீ. கட்டி என்று வந்திருக்கிறது. ஸ்கேனுக்கு அழைத்துப்போனவர், "சென்னையில் தெரிந்த ஆஸ்பத்திரி இருக்கிறது, மூளை ஆபரேஷனுக்கு மூன்றரை லட்சம் ஆகும், பேசிக் குறைத்துத் தருகிறேன், முதலில் 20,000 கட்டுங்கள்" என்கிறார். இரண்டு மா நிலத்தை ஒத்திக்கு வைக்கலாம் என்றிருக்கிறேன். செய்யலாமா டாக்டர்? ரிப்போர்ட், மாத்திரை எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: நிலத்தை ஒத்திக்கு வைக்காதீர்கள். அந்த 20,000 ரூபாயையும் கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மனைவிக்கு ஆபரேஷன் தேவைப்படும் நிலை இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் மனதில் இருக்கும் பயத்தை இறக்கி வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய ஐந்து படங்களில் எனக்கு உபயோகமாக இருந்தது கடைசிப் படம். வீட்டில் இருக்கும் மாத்திரைகளை வரிசையாக வைத்து எடுத்திருக்கிறீர்கள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், அப்புறம் ஒரு கேஸ் மாத்திரை அட்டை. பத்தில் ஆறு காலி. பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு வரி: பாண்டோபிரசோல் 40 மி.கி., டாம்பெரிடோன் 30 மி.கி.

தொலைபேசியில் கேட்டபோதுதான் விவரம் தெரிந்தது. போன ஐப்பசியில் சம்பா நடவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது வெறும் வயிற்றில் டீ குடித்து நெஞ்செரிச்சல் வந்திருக்கிறது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை. எரிச்சல் நின்றது, மாத்திரை நிற்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை தினமும் காலையில் ஒன்று. மார்கழியில் மாதவிலக்கு நின்றிருக்கிறது. ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவில் எத்தனை நாள் இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அந்த இரண்டாவது வரியில் இருக்கும் டாம்பெரிடோன் என்ன செய்கிறது என்று சொல்கிறேன். பிட்யூட்டரி என்பது மூளைக்கு அடியில், மூக்குத் தண்டுக்கு நேர் பின்னால், பட்டாணி அளவில் தொங்கும் சுரப்பி. அதில் சுரக்கும் ஹார்மோன்களில் ஒன்று புரோலாக்டின், தாய்ப்பாலுக்கானது. இதைத் தட்டி எழுப்ப ஆள் தேவையில்லை, விட்டால் தானாகவே ஓடும். அதனால் மூளை எப்போதும் டோபமின் என்ற ஒரு பொருளை அனுப்பி அதை அடக்கி வைத்திருக்கிறது. மதகில் பலகை போட்டுத் தண்ணீரை நிறுத்துகிறோம் இல்லையா, அந்தப் பலகைதான் டோபமின். டாம்பெரிடோன் அந்தப் பலகையைத் தூக்கிவிடுகிறது. புரோலாக்டின் பாய்கிறது. "இந்த அம்மா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், இப்போதைக்கு அடுத்த கரு வேண்டாம்" என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. மாதவிலக்கு நிற்கிறது, பால் வருகிறது. கட்டி எதுவும் இல்லாமலேயே இவ்வளவும் நடக்கும். சில கேஸ் மாத்திரைகளில் டாம்பெரிடோனுக்குப் பதில் லெவோசல்பிரைடு இருக்கும். அது இதைவிட அதிகமாகவே ஏற்றும்.

இந்த மாத்திரை சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கிறதே, அதற்கு அர்த்தம் அதுதான். ஐரோப்பிய மருந்து முகமை 2014-லேயே, இதயத் துடிப்பைப் பாதிக்கலாம் என்பதால் டாம்பெரிடோனைப் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அமெரிக்காவில் இதற்கு அனுமதியே கிடையாது. இங்கே காய்ச்சலுக்குப் போனாலும் கேஸ் மாத்திரை, முட்டி வலிக்குப் போனாலும் கேஸ் மாத்திரை. எழுதிக் கொடுக்கும் நாங்களும் எத்தனை நாளைக்கு என்று எழுதுவதில்லை. இருபது வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் வாரத்துக்கு ஒருவராவது இதே அட்டையோடு என் முன்னால் வந்து உட்காருகிறார்.

சரி, ஸ்கேனில் கட்டி தெரிகிறதே என்பீர்கள். 1994-ல் அமெரிக்காவில் எந்த நோயும் இல்லாத 100 பேருக்கு பிட்யூட்டரியை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அதில் 10 பேருக்கு இதே மாதிரி சின்னப் புள்ளி இருந்தது. பத்துக்கு ஒருவர். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஸ்கேன் எடுக்காவிட்டால் ஆயுசுக்கும் தெரிந்திருக்காது. முகத்தில் மரு இருப்பது போல, சுரப்பிக்குள் ஒரு புள்ளி. உங்கள் மனைவிக்கு இருக்கும் 4 மி.மீ. அந்த வகையாக இருக்கலாம். நிஜமாகவே புரோலாக்டின் சுரக்கும் சின்னக் கட்டியாகவும் இருக்கலாம். 86 என்ற எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு (ng/mL கணக்கில்) 25 வரை சரியான அளவு. 250-ஐத் தாண்டினால் பெரும்பாலும் கட்டிதான். நடுவில் இருப்பது மாத்திரையாலும் வரும், கட்டியாலும் வரும்.

இதைச் சொல்ல வேண்டிய இடத்தில் யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஸ்கேன் சீட்டில் 'பிட்யூட்டரி' என்று ஒரே சொல் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எத்தனை நாளாக, ஒரு வரி இல்லை. ஸ்கேன் பார்க்கும் டாக்டர் பாவம், கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினார். ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில், நோயாளியின் மற்ற விவரங்களோடு சேர்த்துப் பார்க்கவும் என்று ஆங்கிலத்தில் சொல்லியும் இருக்கிறார். அழைத்துப்போனவர் 'கட்டி' என்ற வரியை மட்டும் உங்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்.

அவரைப் பற்றியும் பேசியாக வேண்டும். உங்களுக்கு ஒருவர் என்றால், டெல்டா முழுக்க இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்கேன் சென்டர் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் பேர் விசாரிப்பார்கள். "நம்ம பக்கம்தானா, எனக்கும் தங்கச்சி மாதிரிதான்" என்பார்கள். ஸ்கேனில் கொஞ்சம் கமிஷன், ஆஸ்பத்திரியில் நிறையக் கமிஷன். 'மூளைக் கட்டி' என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஜனங்கள் நகையைக் கழற்றிவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த அவசரமே அவர்களுடைய முதலீடு. "இன்றைக்குப் பணம் கட்டினால்தான் தேதி கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். 4 மி.மீ. புள்ளிக்கு இன்றைக்கு, நாளைக்கு என்ற கணக்கே கிடையாது.

எம்.ஆர்.ஐ. பிலிமையும் சி.டி.யையும் அவரே வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அதுவும் ஒரு பிடிதான். வேறு டாக்டரிடம் நீங்கள் காட்டிவிடக் கூடாது. காசு கொடுத்தது நீங்கள், படம் உங்களுடையது. அவர் தராவிட்டால் ஸ்கேன் சென்டருக்கு நேரே போய் ரசீதைக் காட்டி இன்னொரு பிரதி கேளுங்கள். "காப்பீட்டு அட்டை இதற்குச் செல்லாது" என்று சொன்னாராம். அதைச் சொல்ல அவர் யார்? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. எது சேரும், எது சேராது என்பதை திட்டத்தில் இருக்கும் மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்ட்டரில் கேளுங்கள். 104 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் யாரைப் பார்ப்பது என்று வழி சொல்வார்கள்.

இனி செய்ய வேண்டியது. கேஸ் மாத்திரையை நிறுத்துங்கள். எரிச்சல் திரும்பினால், டாம்பெரிடோன் கலக்காத மாத்திரையாகக் கொஞ்ச நாளைக்கு மட்டும் உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். மூன்று நாள் கழித்தே மறுபடி ரத்தம் பார்க்கலாம். இவ்வளவு மாதமாகச் சாப்பிட்டவருக்கு ஒரு வாரம் விட்டுப் பார்ப்பது என் வழக்கம். தூங்கி எழுந்தவுடன் ரத்தம் கொடுக்கக் கூடாது, தூக்கத்தில் புரோலாக்டின் தானாகவே கூடும். எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டுக் கொடுக்கட்டும். இன்னொன்று, பால் நின்றுவிட்டதா என்று தினமும் மார்பை அழுத்திப் பார்க்கிறார் என்றீர்கள். அதை அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள். குழந்தை சப்புவதாக நினைத்துக்கொண்டு சுரப்பி இன்னும் சுரக்கும். அதே ரத்தத்தில் தைராய்டுக்கு டி.எஸ்.எச்., கூடவே கர்ப்பப் பரிசோதனையும் ஒருமுறை. தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் ஏறும்.

மாத்திரையை நிறுத்தி மறுபடி பாருங்கள் என்று நான் சொன்னதை எல்லோரும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இது ரொம்ப முக்கியம், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளும், ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்றவை, இதே மதகுப் பலகையைத் தூக்குகின்றன. ரிஸ்பெரிடோனில் புரோலாக்டின் 200-ஐத் தாண்டுவதும் உண்டு. ஆனால் அந்த மாத்திரையை உங்கள் இஷ்டத்துக்கு ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. சில வருடத்துக்கு முன் ஒரு அம்மா இதே மாதிரி எங்கேயோ படித்துவிட்டு, மகளுக்கு மாதவிலக்கு வரவில்லையே என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம் அந்தப் பெண் ராத்திரி வீட்டைவிட்டு நடந்துபோய், விடியற்காலையில் வெண்ணாற்றுக் கரையில் கண்டுபிடித்தார்கள். மாதவிலக்கு நான்கு மாதம் தள்ளிப்போவதால் உயிர் போகாது. அந்த மாத்திரையை நிறுத்தினால் போகலாம். புரோலாக்டின் ரிப்போர்ட்டோடு மனநல மருத்துவரிடமே போங்கள். அரிபிப்ரசோல் போல புரோலாக்டினை ஏற்றாத மருந்து உண்டு. மாற்றலாமா, எப்படிப் படிப்படியாக மாற்றுவது என்பது அவர் முடிவு. குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைக்கப் போகிறோம், அதுவரை மாத்திரை வேண்டாமா என்று கேட்பவர்களும் உண்டு. தாராளமாகப் போய்த் தங்குங்கள். 48 நாளைக்கு மாத்திரையை எண்ணி எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். மறுபரிசோதனையில் அளவு சரியாகிவிட்டால் வேலை முடிந்தது. மாதவிலக்கு சில வாரங்களில் தானாகத் திரும்பும். புள்ளிக்காக ஒரு வருடம் கழித்து ஒரு ஸ்கேன் போதும். அடுத்த குழந்தை இப்போது வேண்டாம் என்றால் ஜாக்கிரதையாக இருங்கள், முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கரு தங்கிவிடுவது உண்டு.

மாத்திரையை விட்ட பிறகும் 80, 90 என்றே நின்றால் அது புரோலாக்டின் கட்டியாக இருக்கலாம். அப்போதும் முதல் வைத்தியம் கத்தி இல்லை, மாத்திரைதான். கேபர்கோலின் என்று பெயர். அது டோபமினைப் போலவே வேலை செய்து பலகையைத் திரும்பப் போடும். 1994-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 459 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கேபர்கோலின் எடுத்தவர்களில் நூற்றுக்கு 83 பேருக்குப் புரோலாக்டின் சரியானது. பழைய மருந்தான புரோமோகிரிப்டினில் 59 பேருக்கு. இந்த மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோதான் எடுக்க வேண்டும். தினமும் என்று தப்பாகப் புரிந்துகொண்டு வாந்தியும் தலைசுற்றலுமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காலண்டரில் அந்தக் கிழமையை வட்டம் போட்டு வைத்து, ராத்திரி சாப்பிட்ட பிறகு எடுக்கட்டும். கரு நின்றது தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் நிறுத்திவிடுவோம்.

பெரிய கட்டி, கண் நரம்பை அழுத்துகிறது, மாத்திரைக்கும் மசியவில்லை என்றால்தான் இந்த வகைக்கு ஆபரேஷன். அதுவும் பெரும்பாலும் மண்டையைத் திறந்து இல்லை, மூக்கு வழியாக. திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாந்தி, பொருள் இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, பக்கவாட்டில் பார்வை குறைந்து, நடக்கும்போது இரண்டு பக்கமும் நிலைப்படியில் இடித்துக்கொள்வது இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உங்கள் மனைவிக்கு இவை எதுவும் இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ரத்தம் பார்த்த பிறகு தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஒரு ஹார்மோன் டாக்டரைப் பாருங்கள். நீடாமங்கலத்துக்காரர் இதற்கு வண்டி ஏற வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கும் வருத்தம்தான். பெரும்பாலான மாவட்டங்களில் மருத்துவக் கல்லூரி வந்த பிறகும் ஹார்மோன் நோய்க்கென்று ஆளைத் தேடிக்கொண்டு அலைகிறோம். இந்த இடைவெளியில்தான் புரோக்கர் பிழைக்கிறார். போகும்போது எம்.ஆர்.ஐ. சி.டி., பழைய ரிப்போர்ட், புது ரிப்போர்ட், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கேஸ் மாத்திரை அட்டையையும் தூக்கிப் போடாமல், அந்த இரண்டு சின்ன வரி கிழியாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.