குறைமாவு உணவு: தொடங்குவது எப்படி, தாக்குப்பிடிப்பது எப்படி?

மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் முறையைப் பற்றி வந்த கேள்விகளில், அடிக்கடி வருபவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். தினமும் ஏதாவது மாத்திரை எடுப்பவராக இருந்தால், முதலில் கீழே நான்காவது கேள்விக்குப் போய்விட்டு அப்புறம் மேலே வாருங்கள்.

கேள்வி: மேடம், நாளையிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிடவா, படிப்படியாகக் குறைக்கவா? ஒரு நாளைக்கு எத்தனை கிராம் கணக்கு?

பதில்: எதற்காகத் தொடங்குகிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் கணக்கு. ஒரு நாளைய மாவுச்சத்து 130 கிராமுக்குக் கீழே வந்தாலே அது குறைமாவு உணவுதான். 50 கிராமுக்கும் கீழே போகும்போதுதான் பொதுவாகக் கீட்டோசிஸ் வரும். அதாவது, கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களாக மாற்றி மூளைக்கு அனுப்பத் தொடங்கும். எடை குறைய வேண்டும், சர்க்கரை இறங்க வேண்டும் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் அவ்வளவு ஆழத்துக்குப் போகத் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

நாளைக்கே தொடங்காதீர்கள். மூன்று நாள் வழக்கம்போல் சாப்பிட்டு, வாயில் போடுவதையெல்லாம் எழுதி வையுங்கள். சமைத்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 27, வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 20, கால் லிட்டர் பாலில் 12. முட்டையில் ஒரு கிராம்கூட இல்லை. கூட்டிப் பார்த்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பலருக்கு அது தட்டில் இருப்பதில்லை, டம்ளரில் இருக்கிறது. அதனால் முதல் வாரம் இனிப்புப் பானம், பழச்சாறு, பிஸ்கட், இனிப்பு வகைகளை மட்டும் நிறுத்துங்கள். அடுத்த வாரம் சோறு, ரொட்டி, கிழங்கு இவற்றைப் பாதியாக்கி, காலியான இடத்தில் காய்கறியும் புரதமும் வையுங்கள். சும்மா பாதியாக்கிவிட்டு இடத்தைக் காலியாக விட்டால் இரவு பதினொரு மணிக்கு அலமாரியைத் திறப்பீர்கள்.

கேள்வி: 'அதிக கொழுப்பு' என்றால் எவ்வளவு? காலையில் காபியில் இரண்டு கரண்டி வெண்ணெய் போட்டுக் குடிக்கிறேன். கொஞ்சம் எடை குறைந்தது, அப்புறம் முள் அசையவே இல்லை.

பதில்: ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் சுமார் 100 கலோரி. இரண்டு கரண்டி என்றால் 200. அதில் புரதம் இல்லை, நார்ச்சத்து இல்லை, மெல்லக்கூட எதுவும் இல்லை. உங்கள் இடுப்பில் இருக்கும் கொழுப்பு கரைய வேண்டும் என்றுதானே தொடங்கினீர்கள்? கோப்பையில் இருக்கும் கொழுப்பு கிடைத்தால் உடம்பு அதைத்தான் முதலில் எரிக்கும்.

இந்த முறையில் அதிகக் குழப்பம் இங்கேதான். மாவுச்சத்துக்கு ஓர் உச்சவரம்பு, அதைத் தாண்டக் கூடாது. புரதத்துக்கு ஒரு குறைந்தபட்ச அளவு, அதை எட்டியே ஆக வேண்டும். கொழுப்பு பசி அடங்குகிற அளவுக்கு. அதற்கென்று எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு எதுவும் கிடையாது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 கிலோ ஆளுக்கு 84 முதல் 112 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதால், இரண்டு முட்டை சாப்பிட்டுவிட்டுப் புரதம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

கொழுப்பையே அளந்து ஊட்டும் கீட்டோ உணவும் உண்டு. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் முன்வைத்தது அது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு இன்றும் பயன்படுகிறது. அதன் கடுமையான வடிவத்தில் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு பங்கு, கொழுப்பு நான்கு பங்கு. அங்கே கொழுப்பு மருந்து, அதை மருத்துவக் குழு கிராம் கிராமாக எடைபோட்டுக் கொடுக்கும். எடை குறைக்க வந்தவர் அதைக் காப்பியடிக்க வேண்டியதில்லை.

வெண்ணெய் காபியை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் முட்டையோ மீனோ சாப்பிட்டுப் பாருங்கள். மதியம் வரை பசிக்கிறதா என்று கவனியுங்கள்.

கேள்வி: தொடங்கி மூன்றாம் நாள். தலை கனக்கிறது, எழுந்து நின்றால் கிறுகிறுக்கிறது, ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. விட்டுவிடலாமா அக்கா?

பதில்: விட வேண்டாம், உப்பைக் கவனியுங்கள். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்காமல் வெளியே விட்டுவிடும், அதோடு தண்ணீரும் போகும். முதல் இரண்டு நாள் அடிக்கடி சிறுநீர் கழித்திருப்பீர்களே, அதுதான் காரணம். கீட்டோ ஃப்ளூ என்கிறார்களே தவிர காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அரை டீஸ்பூன் உப்பு போட்ட வெதுவெதுப்பான சூப் அல்லது தண்ணீர், ஒரு வாரத்துக்கு நாளில் ஒன்றிரண்டு முறை குடியுங்கள். ரத்தக் கொதிப்பு, இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பது நிலைமையை மோசமாக்கும், இருக்கிற உப்பும் நீர்த்துப் போகும். பொட்டாசியத்துக்குக் கீரை போதும், மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ஒரு வாரத்துக்குப் பிறகும் கிறுகிறுப்பு நிற்கவில்லை என்றால் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 58. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறேன். சமீபத்தில் டபாக்ளிஃப்ளோசினும் சேர்த்திருக்கிறார்கள். ரத்தக் கொதிப்புக்கும் ஒரு மாத்திரை உண்டு. மகள் கீட்டோ தொடங்கச் சொல்கிறாள். தொடங்கலாமா அம்மா?

பதில்: ஐயா, சர்க்கரை நோய்க்குக் குறைமாவு உணவு நல்ல பலன் தரக்கூடியதுதான். ஆனால் உங்கள் மருத்துவரிடம் பேசாமல் ஒரு வேளைகூட மாற்றாதீர்கள். உங்கள் மாத்திரைகள் நீங்கள் இப்போது சாப்பிடும் சாப்பாட்டுக்கு அளந்து கொடுத்தவை.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரைகள், நீங்கள் உணவு உண்டாலும் உண்ணாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே ஆபத்து. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் குறைவு.

டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் குடும்பத்து மாத்திரைகள்தான் எனக்கு இன்னும் கவலை. இவற்றை எடுத்துக்கொண்டே கீட்டோ அளவுக்கு மாவுச்சத்தைக் குறைத்தால், ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். வழக்கமாக அந்த நிலையில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். இந்த மாத்திரை எடுப்பவர்களிடம் ஏறாமலே வரும். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது என்று தொடங்கும். மீட்டரில் 180 காட்டுகிறதே என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அப்படி வந்தால் என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைய வேண்டும்.

ரத்தக் கொதிப்பும் முதல் வாரங்களில் இறங்கும், அந்த மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். "மாவுச்சத்தை 100 கிராமுக்குக் கொண்டுவரப் போகிறேன், எந்த மாத்திரையைக் குறைப்பது, எப்போது குறைப்பது?" என்று இதே வார்த்தைகளில் மருத்துவரைக் கேளுங்கள். மகளையும் கூட அழைத்துப் போங்கள்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது: முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், கணைய அழற்சி வந்தவர்கள், முன்பு பட்டினி கிடப்பது, அளவு மீறித் தின்று வாந்தியெடுப்பது போன்ற உணவுக் கோளாறால் அவதிப்பட்டவர்கள். இவர்கள் தாங்களாகத் தொடங்கவே கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டினால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.

கேள்வி: கீட்டோன் பார்க்கும் சிறுநீர்ப் பட்டையில் முதலில் அடர் ஊதா வந்தது, இப்போது நிறமே மாறவில்லை. கீட்டோசிஸ் போய்விட்டதா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. பட்டை அளப்பது அசிட்டோஅசிடேட் என்ற கீட்டோனை. நாள் போகப்போக அது சிறுநீரில் வீணாவது குறையும். ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் என்ற இன்னொரு கீட்டோன், அதை ரத்தக் கீட்டோன் மீட்டர்தான் காட்டும், லிட்டருக்கு 0.5 முதல் 3 மில்லிமோல் வரை வந்தால் உணவால் வந்த கீட்டோசிஸ். எடைக்காகச் செய்கிறீர்கள் என்றால் இரண்டுமே தேவையில்லை, இடுப்பளவு போதும்.

கேள்வி: நான் ஒல்லியான ஆள், ஓட்டப் பயிற்சி உண்டு. கீட்டோ தொடங்கி மூன்று மாதத்தில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 118இலிருந்து 205 ஆகிவிட்டது. "எல்டிஎல் துகள் பெரிதாகத்தான் இருக்கும், ஒன்றும் ஆகாது" என்கிறார் நண்பர்.

பதில்: நண்பரை விடுங்கள் தம்பி. குறைமாவு உணவில் பலருக்கு ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இறங்கும், எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) கொஞ்சம் ஏறும், எல்டிஎல் பெரிதாக மாறாது. சிலருக்கு மட்டும் எல்டிஎல் எகிறும், அதில் உங்களைப் போன்ற ஒல்லியானவர்கள் அதிகம். துகள் பெரிதோ சிறிதோ, எண்ணிக்கை கூடினால் ரத்தக் குழாய்க்குக் கெடுதல்தான். அப்போபி (ApoB) என்ற ரத்தப் பரிசோதனை அந்த எண்ணிக்கையைக் காட்டும். 190ஐத் தாண்டிய எல்டிஎல்லை எந்த மருத்துவரும் சும்மா விடமாட்டார்.

தைராய்டு பார்த்துவிடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். வெண்ணெய், தேங்காய் எண்ணெய், கொழுப்பு மிகுந்த இறைச்சியைக் குறைத்து, ஆலிவ் எண்ணெய், பாதாம், வால்நட், மீனுக்கு மாறுங்கள். மாவுச்சத்தை 100 கிராம் பக்கம் ஏற்றுங்கள். ஒல்லியானவர்களுக்கு இது ஒன்றே பெரிய வித்தியாசம் காட்டுவதுண்டு. இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் இந்த உணவுமுறை உங்களுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

ஓட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் லூயிஸ் பர்க் குழு உலகத் தரத்து நடைப் போட்டி வீரர்களை வைத்து ஆய்வு செய்து 2017இல் வெளியிட்டது. கீட்டோ சாப்பிட்டவர்கள் கொழுப்பை நன்றாகவே எரித்தார்கள், ஆனால் அதே வேகத்துக்கு அதிக ஆக்ஸிஜன் தேவைப்பட்டது. மற்றவர்களின் போட்டி நேரம் முன்னேறியது, இவர்களுடையது முன்னேறவில்லை. நிதானமாக ஓடுவதற்கு இது தடையில்லை, வேகத்துக்குத் தடைதான்.

கேள்வி: முட்டைகூடச் சாப்பிடமாட்டேன். எனக்கு முடியுமா?

பதில்: நாளுக்கு 20 கிராம் மாவுச்சத்து என்ற கீட்டோ சிரமம். 100 கிராம் தாராளமாக முடியும். டோஃபு, பாலாடைக்கட்டி, இனிப்பில்லாத தயிர், பாதாம், வேர்க்கடலை இவற்றைச் சுற்றித் திட்டம் போடுங்கள். வேகவைத்த பருப்பு 100 கிராமில் 9 கிராம் புரதம் இருக்கிறது, கூடவே 20 கிராம் மாவுச்சத்தும் வரும். அதில் 8 கிராம் நார்ச்சத்து என்பதால் நான் அனுமதிப்பேன். முந்திரியை எண்ணிச் சாப்பிடுங்கள். பி12 அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 'கீட்டோ' என்று அச்சிட்ட சாக்லேட், பிஸ்கட் எல்லாம் சாப்பிடலாமா?

பதில்: பின்பக்கம் படியுங்கள். மால்டிடால் என்ற இனிப்பூட்டி இருந்தால் சர்க்கரை ஏறும், அதிகம் தின்றால் வயிறும் போகும். மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் இருந்தால் அது கிட்டத்தட்ட சர்க்கரையேதான். சர்க்கரையாக மாறாத நார்ச்சத்தை மாவுச்சத்துக் கணக்கிலிருந்து கழிக்கும்போதும் கவனம் வேண்டும்: அமெரிக்க லேபிளில் மொத்த மாவுச்சத்துக்குள் நார்ச்சத்தும் அடக்கம், ஐரோப்பிய லேபிளில் அதை ஏற்கெனவே கழித்திருப்பார்கள். தெரியாமல் இரண்டாம் முறை கழித்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கிறேன். இதுவரை கீட்டோவில் இருந்தேன், தொடரலாமா? குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையும் வருகிறது.

பதில்: கீட்டோ வேண்டாம்மா, பால் கொடுக்கும் காலத்திலும் வேண்டாம். பரிசோதனைக்கு முன் மூன்று நாளாவது தினம் 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு திடீர் குளுக்கோஸைச் சமாளிக்கத் திணறி, இல்லாத சர்க்கரை நோய் இருப்பதாகக் காட்டும். இதுவரை எப்படிச் சாப்பிட்டீர்கள் என்பதை மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது!

பதில்: எடை வேகமாகக் குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். புரதத்தையும் இரும்புச்சத்தையும் சரிபாருங்கள். எண்ணெயை மாற்றிப் பயனில்லை.

கேள்வி: இதை எவ்வளவு காலம் தொடர வேண்டும்? விருந்துக்குப் போய் ஒரு வாரம் விட்டுவிட்டேன், 2 கிலோ ஏறிவிட்டது. பட்ட பாடெல்லாம் வீண்.

பதில்: அந்த 2 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் சுமார் அரை கிலோ வரை கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு இருக்கும். ஒவ்வொரு கிராமும் கூடவே 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். முதல் வாரம் மளமளவென்று இறங்கியதும் இதுதான், இப்போது திரும்பியதும் இதுதான்.

காலத்தைப் பற்றிக் கேட்டால், 2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வை நினைத்துக்கொள்வேன். 609 பேர், 12 மாதம். குறைமாவுக் குழு சராசரியாக 6 கிலோ குறைந்தது, குறைகொழுப்புக் குழு 5.3 கிலோ, பெரிய வித்தியாசமில்லை. எனக்குப் பிடித்தது அவர்கள் செய்த விதம். குறைமாவுக் குழுவினரை முதலில் 20 கிராம் வரை இறங்கச் சொன்னார்கள். பிறகு காலத்துக்கும் தாக்குப்பிடிக்க முடிகிற அளவு வரை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளச் சொன்னார்கள். ஆண்டு முடிவில் அவர்கள் சராசரியாக நின்றது 130 கிராம் பக்கம்.

உங்களுக்கும் அதையே சொல்வேன். வாரத்துக்கு 10 கிராம் ஏற்றிப் பாருங்கள், பசியும் இடுப்பளவும் கட்டுக்குள் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். விருந்து நாளுக்கு ஈடுகட்டப் பட்டினி கிடக்காதீர்கள், அடுத்த வேளையிலிருந்து வழக்கமான தட்டுக்குத் திரும்புங்கள். எடை மெஷினை ஏழு நாள் தொடாமல் இருந்துவிட்டு, எட்டாம் நாள் காலை வெறும் வயிற்றில் ஏறுங்கள்.