கணவருக்கு ஜெர்மனியில் ப்ளூ கார்டு (உயர்கல்வி படித்த வெளிநாட்டவருக்கு வேலைக்காகத் தரும் குடியிருப்பு அனுமதி) இருக்கிறது. மனைவியாக நான் குடியிருப்பு அனுமதி வாங்குவது எப்படி? ஜெர்மன் மொழித் தேர்வு கட்டாயமா?

கட்டாயம் இல்லை. கணவரிடம் ப்ளூ கார்டு இருந்தால் ஏ1 (ஜெர்மன் மொழியின் தொடக்க நிலை) சான்றிதழ் காட்டாமலே மனைவி விண்ணப்பிக்கலாம். நானும் அப்படித்தான் வந்தேன். இருந்தாலும் ஊரில் இருக்கும்போதே ஜெர்மன் படிக்கத் தொடங்கிவிடுங்கள். காரணம் கீழே இருக்கிறது.

முதல் வேலை திருமணச் சான்றிதழ். கோயிலில் தரும் சீட்டு போதாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தது வேண்டும். அதில் உங்கள் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். நமக்கு இனிஷியல் போட்டு எழுதித்தான் பழக்கம். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுவதுமாக என்றிருந்தால், இரண்டும் ஒரே ஆள்தானா என்ற கேள்வி வரும். விண்ணப்பிக்கும் முன்பே திருத்திக்கொள்வது நல்லது.

சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடும்பத்தோடு சேர்வதற்கான டி விசா, அதாவது நீண்டகாலம் தங்குவதற்கான விசா, வாங்கித்தான் கிளம்ப வேண்டும். கட்டணம் 75 யூரோ. கணவரின் ப்ளூ கார்டு நகல், வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள்.

வந்து வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். நீங்கள் அங்கே குடியிருப்பதாக வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அன்றைக்கே தபால் பெட்டியில் உங்கள் பெயரையும் ஒட்டிவிடுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் கடிதம் போடமாட்டார், உங்கள் வரி எண் வருவதோ தபாலில்தான்.

அடுத்தது வெளிநாட்டினர் அலுவலகம். பல ஊர்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கத் தாமதமாகும். விசா முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். சேர்ந்துவிட்டால், அட்டை வரும்வரை தங்குவதற்கு ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் என்ற தற்காலிகச் சான்று தருவார்கள். வேலைக்குத் தனி அனுமதி தேவையில்லை. எந்த நிறுவனத்திலும் சேரலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம்.

சரி, இனி நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. இந்த அனுமதி உங்கள் திருமணத்தோடு கட்டப்பட்டது. பிரிய நேர்ந்தால், ஜெர்மனியில் மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருந்தால்தான் பொதுவாக உங்களுக்கென்று தனி உரிமை பிறக்கும். வீட்டில் வன்முறை போன்ற கடுமையான நிலைமை என்றால் அந்த மூன்று ஆண்டுக் கணக்கு தடையாகாது. இதை ஒவ்வொரு பெண்ணும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நல்லபடியாக வாழும் குடும்பத்திலும் நிரந்தரக் குடியிருப்பு அனுமதியை அவரவர் தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும். கணவருக்கு பி1 (ஜெர்மன் மொழியின் இடைநிலை) இருந்தால் 21 மாதத்தில், ஏ1 மட்டும் என்றால் 27 மாதத்தில் கிடைக்கும். அவர் வாங்கிவிட்டார் என்பதற்காக உங்களுக்குத் தானாக வராது. அவர் அந்த வழியில் வாங்கிய பிறகு, நீங்கள் மூன்று ஆண்டுகள் அனுமதியோடு இருந்து, வாரம் 20 மணி நேரமாவது வேலை பார்த்து, பி1 முடித்திருந்தால் கேட்கலாம். அதனால் வந்த முதல் மாதமே வகுப்பில் சேருங்கள். அப்புறம், சம்பளச் சீட்டு, வகுப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் உங்கள் பெயரில் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.