அழவைப்பது பயிற்சியா?

கேள்வி: எங்கள் நாடகக் குழுவில் இயக்குநர் விளக்கை அணைத்து, கண்ணை மூடச் சொல்லி, அவரவர் வீட்டில் நடந்த சாவை நினைக்கச் சொல்கிறார். “யோசிக்காதே, ஆழ்மனசு தானா நடிக்கும், ஸ்தானிஸ்லாவ்ஸ்கி முறை இதுதான்” என்கிறார். போன வாரம் ஒரு தங்கச்சி அழ ஆரம்பித்து வெகுநேரம் நிறுத்த முடியவில்லை. இது சரிதானுங்களா?
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: சரியில்லைங்க. அந்தப் பயிற்சியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

மாஸ்கோ கலை அரங்கை 1898-இல் தொடங்கிய இருவரில் ஒருவர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, நடிப்புப் பயிற்சிக்கு ஒரு முறை வகுத்த ரஷ்ய இயக்குநர். பழைய உணர்ச்சியை நினைவிலிருந்து மீட்கும் பயிற்சியை அவர் செய்துபார்த்தது உண்மை. பிரெஞ்சு உளவியலாளர் ரிபோவின் எழுத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டார். ஆனால் 1930களில் அவர் அழுத்தம் கொடுத்தது உடற்செயல்களுக்கு. ஆழ்மனதை நேராகக் கூப்பிட முடியாது, தெரிந்து செய்யும் வேலையின் வழியாகத்தான் அதை நெருங்கலாம் என்பதே அவர் போதித்தது. “யோசிக்காதே” என்பது அவர் முறை அல்ல.

சாவை நினைத்தால் முதல் நாள் அழுகை வரும். பத்தாவது ஒத்திகையில் வராது. அப்போது நடிகர் தொண்டையை இறுக்கி வரவழைப்பார். வசனத்தின் கடைசிச் சொல் உள்ளேயே போய்விடும், திடலில் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. கண்ணை மூடிப் பழகியவர் எதிரே நிற்பவரையும் பார்க்க மாட்டார். ஆறாத துக்கமாக இருந்தால் கதை வேறு. கிளறிவிட்ட இயக்குநருக்கு அதை அடக்கத் தெரியாது.

இப்படிச் செய்து பாருங்கள். பவானிப் பக்கம் ஒரு ஜமக்காள நெசவு வீடு, மகன் இறந்த செய்தி அம்மாவுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நான்கு நாள் வசனத்தை உணர்ச்சியே இல்லாமல், நடந்துகொண்டோ வாசல் கூட்டிக்கொண்டோ சொல்லட்டும். அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருக்கும் மனதில் வேறெதுவும் எழாது. பிறகு நிஜ ராட்டையைக் கொடுத்துத் தார் சுற்றச் சொல்லுங்கள், அதாவது நெசவுக்கான நூலைச் சிறு குழலில் சுற்றும் வேலை. காற்றில் கையைச் சுழற்றினால் போதாது, இழை நிஜமாக அறுந்து அவர் முடிச்சுப் போட வேண்டும். செய்தி எந்த நிமிடத்தில் வரும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள்.

கை நின்றுவிடலாம். வேகமாகச் சுற்றலாம். கேட்காதவர் போல அறுந்த இழையையே முடிந்துகொண்டிருக்கலாம். யாரும் திட்டமிடாத ஒன்று வருகிறதல்லவா, அதுதான் ஆழ்மனதின் பங்கு. குறித்துக்கொள்ளுங்கள், அன்றே திரும்பச் செய்யச் சொல்லாதீர்கள். உடனே கேட்டால் அவர் தன்னையே நகல் எடுப்பார். ஓர் இரவு தூங்கி எழுந்து வரட்டும். மறுநாள் அதே ராட்டை, அதே இழை. மறுபடி வந்தால் காட்சியில் வையுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஒத்திகையில் சொந்தமாக வசனம் போட்டுப் பேசச் சொல்லும்போது மேடைத் தமிழ் வேண்டாம். அதில் பேசினால் பார்த்த சினிமா வசனம்தான் வரும். ‘பொழுதோட’, ‘ஒறம்பரை’, ‘அம்முச்சி’ என்று வீட்டுப் பேச்சில் தொடங்கினால் கூடவே அந்த வீடும் வரும். எழுதுபவருக்கும் ஒன்று: சிக்கிய காட்சியை மூன்று நாள் மூடி வைக்கலாம், ஆனால் சிக்கும் அளவுக்கு முதலில் எழுதியிருக்க வேண்டும்.

தன்னை மறப்பதற்கு ஒழுங்கு உண்டு என்பதைக் கொங்குநாட்டாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பொன்னர்-சங்கரைப் பாடும் அண்ணன்மார் கதையில், வீரர்கள் மாண்டு விழுவதை நடத்தும் படுகளச் சடங்கில் அருள் வந்து விழுபவர்களுக்கு உடுக்கை உண்டு, பாட்டில் இடம் உண்டு, விழுந்தபின் காவல் உண்டு. தீர்த்தம் தெளித்து எழுப்பாமல் யாரும் போவதில்லை. வழிபாட்டை ஒத்திகையாக்குங்கள் என்று சொல்லவில்லை. எழுப்பி அனுப்பும் பொறுப்பை உங்கள் இயக்குநர் அங்கே கற்கலாம். காட்சி முடிந்ததும் ராட்டையை அறைக்கு வெளியே வையுங்கள். நடிகர் முகம் கழுவி, தண்ணீர் குடித்து, உடை மாற்றட்டும். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பத்து நிமிடம் வேறு பேச்சுப் பேசி, பிறகு அனுப்புங்கள்.

அந்தத் தங்கச்சிக்கு இப்போதைக்கு அழுகை இல்லாத பாத்திரம் கொடுங்கள். வீட்டிலும் அழுகிறார், தூக்கம் கெடுகிறது என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பழைய காட்சிக்குத் திரும்புவதா என்பதை அவரே சொல்லட்டும், இயக்குநர் கேட்டு நெருக்க வேண்டாம்.