படிப்பு கேள்வி–பதில்: சுற்றுச்சூழல் சுகாதாரத்தில் எந்த மேற்படிப்பு?

நான் பி.எஸ்ஸி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். தோல் ஆலைகளும் குரோமியக் கழிவும் எங்கள் ஊரில் தினமும் அடிபடும் பேச்சு. அது தொடர்பாகவே வேலை பார்க்க ஆசை. எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியலில் சேரலாமா, எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுநிலை) படிப்பில் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவா? இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள் சிலர்.
— வாசகி, ராணிப்பேட்டை

ஒன்றல்ல. கிணற்றுத் தண்ணீரில் குரோமியம் எவ்வளவு இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது சுற்றுச்சூழல் அறிவியல். அதைக் குடிப்பவர் உடம்பில் எவ்வளவு சேர்கிறது, என்ன கெடுதல் வரும், யாரை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று கேட்பது சுற்றுச்சூழல் சுகாதாரம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நம் குடிநீர்த் தரத்தில் மொத்தக் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவர் அந்த அளவுள்ள தண்ணீரை நாளுக்கு 2 லிட்டர் குடித்தால், உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 0.0017 மில்லிகிராம் சேரும். 10 கிலோ குழந்தை 1 லிட்டர் குடித்தால் கிலோவுக்கு 0.005. அதே குடம், அதே தண்ணீர், குழந்தைக்கு மூன்று மடங்கு. இந்தக் கணக்கில்தான் உங்கள் மனம் போகிறது என்றால் சுகாதாரப் பிரிவுக்கே வாருங்கள்.

படிப்பின் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள்; சிலபஸை வாங்கிப் பாருங்கள். நோய்ப்பரவலியல், உயிரிப் புள்ளியியல், நச்சியல், வெளிப்பாட்டு மதிப்பீடு (நச்சு ஒருவரை எவ்வளவு எட்டுகிறது என்று அளப்பது) ஆகிய நான்கும் தனித்தனித் தாள்களாக இருக்க வேண்டும். பெரும்பாலும் விடுபட்டுப் போவது கடைசி இரண்டுதான். அவை இல்லாவிட்டால் அது பொதுவான எம்.பி.எச்., அவ்வளவே.

அடுத்து, சேருவதற்கு முன்பே ஒருநாள் நேரில் போய் லேபைக் காட்டச் சொல்லுங்கள். தொழிலாளியின் இடுப்பில் மாட்டும் தூசியை மாதிரி எடுக்கும் பம்ப் இருக்கிறதா, மாணவர்கள் கையில் அதைக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். பம்பிலிருந்து வரும் குழாயின் முனையில் சைக்ளோனும் (பெரிய துகளைப் பிரித்து ஒதுக்கும் சிறு கருவி) ஃபில்டரும் இருக்கும். அந்த முனையைச் சட்டைக் காலரில், மூக்கிலிருந்து 30 செ.மீ.க்குள் மாட்ட வேண்டும். 10 மி.மீ. நைலான் சைக்ளோன் என்றால் காற்று நிமிடத்துக்கு 1.7 லிட்டர் வேகத்தில் போக வேண்டும். வேகம் குறைந்தால் நுரையீரலின் ஆழத்துக்குப் போக முடியாத பெரிய துகளும் ஃபில்டரில் வந்து உட்கார்ந்து, அளவை உயர்த்திக் காட்டிவிடும். அதனால்தான் வேலைக்கு முன்னும் பின்னும் வேகத்தைச் சரிபார்க்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டினால் மாதிரியை ஒதுக்கிவிடுவதே வழக்கம். இதைக் கரும்பலகையில் மட்டும் படித்தவருக்கும் கையால் செய்தவருக்கும் நேர்முகத்தேர்வின் முதல் ஐந்து நிமிடத்திலேயே வேறுபாடு தெரிந்துவிடும்.

வேதியியல் படித்தது உங்களுக்குப் பெரிய பலம். உலோகங்களுக்கான தண்ணீர் மாதிரியில், பாட்டில் சுவரில் ஒட்டாமலிருக்க நைட்ரிக் அமிலம் விடுவது வழக்கம். குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு அதையே செய்தால் அது மூன்று இணைதிறனாக மாறிவிடும். அறிக்கையில் நஞ்சே இல்லாததுபோல் வரும். அமிலம் விடாமல் குளிர்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பகுப்பாய்வை முடிக்க வேண்டும். இந்த மாதிரி நுணுக்கம் ஏன் என்று உங்களுக்குச் சொல்லாமலே புரியும். புள்ளியியல் மட்டும் புதிதாக இருக்கும். சேருமுன் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைக் கொஞ்சம் பழகிவிடுங்கள்.

சென்னையில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் சுற்றுச்சூழல் சுகாதாரப் பொறியியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. அடுப்புப் புகையும் காற்று மாசும் அவர்கள் நெடுநாளாக ஆராய்கிற விஷயங்கள். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் எம்.பி.எச். நோய்ப்பரவலியலையும் சுகாதார அமைப்புகளையும் மையமாகக் கொண்டது. உங்கள் நோக்கத்துக்கு அது சற்றுத் தள்ளியது.

அமெரிக்காவில் படிக்க விரும்புகிறேன். எம்.பி.எச்., எம்.எஸ். இரண்டில் எது? எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?
— வாசகர், திருச்சி

பொதுச் சுகாதாரத் துறையிலோ நிறுவனத்திலோ பணி என்றால் எம்.பி.எச். முனைவர் பட்டம் மனதில் இருந்தால் ஆய்வேடு எழுத வைக்கும் எம்.எஸ். உதவித்தொகையுடன் ஆய்வு உதவியாளர் இடம் கிடைக்கும் வாய்ப்பும் பொதுவாக எம்.எஸ். பக்கம்தான் அதிகம், விண்ணப்பிக்கும் முன்பே பேராசிரியர்களுக்கு எழுதுங்கள்.

எம்.பி.எச். என்றால் சி.இ.பி.எச். (பொதுச் சுகாதாரப் படிப்புகளை மதிப்பிடும் அமெரிக்க அமைப்பு) அங்கீகாரம் கட்டாயம் பாருங்கள். அந்த அங்கீகாரத்தில் குறைந்தது 42 கிரெடிட், அதோடு களப் பயிற்சியும் உண்டு. தொழிற்சாலைச் சுகாதாரப் பணி என்றால் ஏபெட் (பொறியியல், தொழில்நுட்பப் படிப்புகளை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரமுள்ள படிப்பு கூடுதல் மதிப்பு.

பலர் கோட்டைவிடுவது, மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் வரும் சி.ஐ.பி. எண்ணில், அதாவது படிப்பின் வகையைக் குறிக்கும் எண்ணில். படிப்புக்குப் பிந்தைய ஓ.பி.டி. பணி அனுமதி 12 மாதம். அந்த எண் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால்தான் மேலும் 24 மாத நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க முடியும். நோய்ப்பரவலியல் (26.1309), சுற்றுச்சூழல் அறிவியல் (03.0104) பட்டியலில் உள்ளவை, பொதுவான பொதுச் சுகாதாரம் (51.2201) இல்லை. ஒரே துறையின் இரண்டு பட்டங்களுக்கு வெவ்வேறு எண் இருக்கலாம். முன்பணம் கட்டுவதற்கு முன் எண்ணை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டேன். தொழிற்சாலை மருத்துவராக வேண்டும். இரண்டு வருட எம்.பி.எச். தேவையா?
— வாசகர், ஓசூர்

அந்த வேலைக்கு மட்டும் என்றால் வேண்டாம். தொழிற்சாலை மருத்துவர்களுக்கான மூன்று மாத ஏ.எஃப்.ஐ.எச். படிப்பைத்தான் தொழிற்சாலைகள் கேட்கின்றன. சென்னையில் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் அதை நடத்துகிறது. ஆய்வுப் பக்கம் போக நினைத்தால் எம்.பி.எச். பிறகு படித்துக்கொள்ளலாம்.