அப்பிள் மரத்தில் ஏன் பாண் தொங்குகிறது?

கேள்வி: இங்கிலாந்தில் அப்பிள் மரக் கிளையில் பாண் துண்டைத் தொங்கவிட்டுத் துவக்கால் சுடுவார்களாமே, எதற்கு? அப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் சைடர் மதுவும் நம்மூர்க் கள்ளு மாதிரித்தானா?
– வாசகி, நிலாவெளி, திருகோணமலை

பதில்: அந்தச் சடங்கின் பெயர் வாசெய்லிங். சொமர்செட் பக்கத்துக் கிராமங்களில் ஜனவரி 17 இரவு நடக்கும். 1752இல் நாட்காட்டி மாறிய பிறகும் பழைய கணக்கை விடாத ஊர்கள் அவை. நமது தைப்பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் பிந்தித்தான்! தோட்டத்து மூத்த மரத்தின் வேரில் சைடர் ஊற்றி, அதிலேயே தோய்த்த வாட்டிய பாணை ரொபின் குருவிக்கென்று கிளையில் வைப்பார்கள். வெடியும் சட்டி தட்டலும் கெட்ட ஆவியை விரட்டவும், தூங்கும் மரத்தை எழுப்பவும்.

கள்ளு வேறு. பாளையிலிருந்து வடியும்போதே முட்டியில் புளிக்கத் தொடங்கும். உள்ளே சுண்ணாம்பு பூசினால்தான் புளிக்காத கருப்பணியாக நிற்கும். சைடருக்கோ பழத்தைச் சில வாரம் குவித்துக் கனியவிட்டு, அரைத்து, கூழை வைக்கோலோடு அடுக்கடுக்காக வைத்துப் பிழிய வேண்டும். கடையில் விற்கும் இனிப்பு அப்பிள் மட்டும் போட்டால் சப்பென்றிருக்கும். துவர்ப்புப் பழமும் கலந்தால் நல்லது. துருப்பிடித்த இரும்பு பட்டால் சாறு கறுக்கும். குளிரில் மாதக்கணக்கில் மெல்லப் புளிக்கும் அந்தச் சாற்றைப் பீப்பாயில் விளிம்புவரை நிரப்பாமல் விட்டால், காற்றுப் பட்டு வினாகிரியாகிவிடும்.